கல்லுக்குள் கடலைக் கண்டவர்

திருப்பதியிலிருந்து திருமலைக்கு ஏறும் மலைப்பாதையின் ஓரத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இருவகைப் பாறைகளைக் காணலாம். கீழே இருப்பது கருங்கல். அதன் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். மேலே இருப்பது மணல் இறுகி உருவான பாறை. அது ஏறத்தாழ 160 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. சாந்திபுரம், குப்பம் வட்டாரங்களில் வயல்களுக்கு நடுவே திரண்டு நிற்கும் குன்றுகளும் கருங்கல் இனத்தைச் சேர்ந்தவையே. இப்பாறைகளை எவ்வளவு உடைத்தாலும் அவற்றுள் ஒரு சிப்பியோ மீனின் பல்லோ கிடைக்காது. ஓடும் பல்லும் உடைய உயிர்கள் உலகில் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே அவை உருவாகிவிட்டன.

தெற்கே, தமிழ்நாட்டின் அரியலூர், பெரம்பலூர், திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் நிலைமை வேறு. கடற்கரையிலிருந்து தொலைவில் உள்ள அவ்வூர்களில் கிணறு வெட்டினாலும் ஓடைக்கரையில் நடந்தாலும், கல்லாகிப்போன சங்குகளும் சிப்பிகளும் கண்ணில் படும். கருடமங்கலம் என்னும் ஊரில் கிடைக்கும் கல்லை மெருகேற்றினால் அதன் பரப்பு முழுவதும் சிப்பிகளின் வடிவங்கள் பளபளக்கும். ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்நிலத்தின்மீது கடல் பரவியிருந்தது. நெடுங்காலம் பரவியும் பின்வாங்கியும் இருந்த அக்கடல், தன்னுள் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளைச் சேற்றில் புதைத்துவிட்டு விலகிச் சென்றது. சேறு பாறையாயிற்று, ஓடுகள் புதைபடிவங்கள் ஆயின. அக்கடலின் உயிர்களை வகைபிரித்து, பெயர் சூட்டி, உலக அறிஞர்கள் அறியச் செய்தவர்களுள் முதன்மையானவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. அவர் வாழ்ந்தது 36 ஆண்டுகளே.

சுறாப் பற்கள்

ஸ்டோலிச்கா வருவதற்கு முன்பே இக்கற்கள் சிலருடைய கருத்தைக் கவர்ந்திருந்தன. 1840ஆம் ஆண்டையொட்டிச் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய கே, கன்லிஃப் என்னும் இரண்டு ஆங்கிலேயர்கள், புதுச்சேரியை அடுத்த பகுதிகளிலும் விருத்தாசலம், திருச்சிராப்பள்ளி வட்டாரங்களிலும் புதைபடிவங்களைத் திரட்டி இலண்டனுக்குக் கொண்டு சென்றனர். சங்குகளையும் சிப்பிகளையும் எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்னும் அறிஞர் ஆராய்ந்தார். புதுச்சேரிப் பகுதியில் கிடைத்த மீன்களின் எச்சங்கள் சர் பிலிப் எகர்ட்டன் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டன.

தொல்மீன் ஆராய்ச்சி அக்காலத்தில் புதிதாகத் தோன்றியிருந்த துறை. சுவிட்சர்லாந்து நாட்டவரான லூயி அகாசி, ஐரோப்பாவின் அருங்காட்சியகங்களையெல்லாம் சுற்றிக் கல்லில் பதிந்த மீன்களைப் பார்வையிட்டு, 1833 முதல் 1843 வரை ஐந்து தொகுதிகளாகப் பெருநூல் ஒன்றை வெளியிட்டிருந்தார். மீன்களின் செதில்களைக் கொண்டே அவர் அவற்றை வகைப்படுத்தினார். எகர்ட்டன் அவருடைய நண்பர். தொல்மீன்களைப் பெருஞ்செல்வம் போலச் சேர்த்து வைத்திருந்தவர். அவர் 1845இல் புதுச்சேரி மீன்களைப் பற்றி எழுதினார். அவர் கைக்கு வந்தவற்றுள் பெரும்பாலானவை பற்களே.

அதற்குக் காரணம் உண்டு. சுறாவின் உடலைத் தாங்குவது எலும்பன்று. நம் காதுமடலில் உள்ளதைப் போன்ற குருத்தெலும்பு. அது விரைவில் அழுகிவிடும். பல்லோ மிகக் கடினமானது. மேலும் ஒரு சுறா தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பற்களை உதிர்த்து, புதியன முளைக்கப் பெறும். ஆகவே கடலடிச் சேற்றில் சுறாவின் உடல் மறைந்து, பற்கள் மட்டும் எஞ்சின. மீன் முழுவதும் இல்லாமல் ஒரு பல்லைக் கொண்டே அதன் இனத்தை அறிவதற்கு, உலகெங்கும் கிடைத்த பிற பற்களோடு அதனை ஒப்பிட்டாக வேண்டும். ஒப்பிடுவதே தொல்லுயிரியல் அறிஞரின் முதற்கருவி. ஸ்டோலிச்கா அக்கருவியை மற்ற எவரையும்விடப் பொறுமையோடு கையாண்டார்.

காட்டிலாகா அலுவலரின் மகன்

அவர் 1838ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள், அன்று ஆஸ்திரியப் பேரரசைச் சேர்ந்திருந்ததும் இன்று செக் குடியரசில் உள்ளதுமான மொராவியாவில், குரோமியெரீஷ் நகரை அடுத்த சிற்றூரில் பிறந்தார். தந்தையார் பேராயருக்கு உரிய காடுகளைக் காக்கும் பணியில் இருந்தார். மரங்களும் பறவைகளும் சூழ்ந்த இடத்தில் வளர்ந்த சிறுவன் பின்னாளில் கல்லையும் உயிரையும் ஒருங்கே நேசித்ததில் வியப்பில்லை.

பிராகாவிலும் வியன்னாவிலும் அவர் உயர்கல்வி பயின்றார். வியன்னாவில் அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர்களுள் எடுவர்டு சூயஸ் ஒருவர். இந்தியா, ஆப்பிரிக்கா முதலிய நிலப்பகுதிகள் முற்காலத்தில் இணைந்திருந்தன என்று கருதி, அப்பெருநிலத்திற்குக் கோண்டுவானா என்று பின்னர்ப் பெயரிட்டவர் அவரே. மாணவராக இருந்தபோதே ஸ்டோலிச்கா ஆல்ப்ஸ் மலையின் வடகிழக்குப் பகுதியில் கிடைத்த நன்னீர்ச் சிப்பிகளைப் பற்றி எழுதினார். அவை கிரெட்டேசியஸ் காலத்தைச் சேர்ந்தவை. ஏறத்தாழ 14 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிவடைந்த காலம் அது. அரியலூர்க் கற்களும் அதே காலத்தவை என்பது அவருடைய வாழ்க்கையின் திசையையே மாற்றியது.

1861இல் அவர் முனைவர் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே ஆஸ்திரியாவின் நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். இதற்கிடையில், 1851இல் தொடங்கப்பெற்ற இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தலைவர் தாமஸ் ஓல்டாம், கல்கத்தாவில் குவிந்துகொண்டிருந்த புதைபடிவங்களை ஆராய்வதற்குத் தகுந்த ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தார். ஹென்றி பிளான்ஃபோர்டும் அவருடைய துணைவர்களும் திருச்சிராப்பள்ளி வட்டாரத்தை அளந்து, நிலப்படம் வரைந்து, அங்குக் கிடைத்த கற்களை அனுப்பியிருந்தனர். அப்பாறைகள் மூன்று அடுக்குகளாக அமைந்திருப்பதை அறிந்த பிளான்ஃபோர்டு, அவற்றுக்கு ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என ஊர்ப்பெயர்களையே சூட்டியிருந்தார். 1862இல் ஸ்டோலிச்கா அழைக்கப்பட்டார். 24 வயது இளைஞர் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தார்.

பதினோராண்டு உழைப்பு

கல்கத்தாவில் அவரை எதிர்கொண்டவை கற்கள் நிறைந்த பெட்டிகள். பாறையோடு ஒட்டிக்கிடக்கும் ஓட்டை, நுண்ணிய உளியாலும் ஊசியாலும் சிறிது சிறிதாக விடுவிக்க வேண்டும். கை சற்றே தவறினால், கோடிக்கணக்கான ஆண்டுகள் உடையாமல் இருந்த ஓடு ஒரு நொடியில் உடைந்துபோகும். பின்னர் அதன் சுருள்கள் எத்தனை, வரிகள் எவ்வாறு ஓடுகின்றன, முனை எப்படி முடிகிறது என்று அளந்து குறிக்க வேண்டும். பிரெஞ்சு, ஜெர்மன், ஆங்கில நூல்களில் உள்ள படங்கள் ஒவ்வொன்றோடும் ஒப்பிட வேண்டும். முன்பே அறியப்பட்டதாயின் பழைய பெயர். அறியப்படாததாயின் புதிய பெயர். ஓவியர்கள் வரைந்த படங்கள் கல்லச்சில் ஏற்றி அச்சிடப்பட்டன.

முதலில் அவர் எடுத்துக்கொண்டவை அம்மோனைட்டுகள். கணவாய் மீனுக்கு உறவான இவ்வுயிர்கள், ஆட்டுக்கிடாயின் கொம்பைப் போலச் சுருண்ட ஓட்டினுள் வாழ்ந்தவை. இன்று அவற்றுள் ஒன்றுகூட உயிரோடு இல்லை. அம்மோனைட்டு இனங்கள் விரைவாகத் தோன்றி விரைவாக மறைந்தவை. கடல்வழியே நெடுந்தொலைவு பரவியவை. ஆகையால் ஒரே இன அம்மோனைட்டு ஆல்ப்ஸ் மலையிலும் ஊட்டத்தூரிலும் கிடைக்குமானால், அவ்விரண்டு பாறைகளும் ஏறக்குறைய ஒரே காலத்தவை என்று கூறிவிடலாம். இம்முறையைக் கொண்டு, தென்னிந்தியாவின் மூன்று அடுக்குகளும் ஐரோப்பாவின் எந்தெந்த அடுக்குகளுக்கு இணையானவை என்பதை அவர் வகுத்துக் காட்டினார். அதன் பிறகு, அயல்நாட்டு அறிஞர்களின் ஒப்பீட்டில் ஊட்டத்தூர், அரியலூர் என்னும் தமிழ்ப்பெயர்களும் இடம்பெறலாயின.

அம்மோனைட்டுகளுக்குப் பின் நத்தைகளும் சங்குகளும் வந்தன. அவற்றிற்குப் பின் மட்டி, சிப்பி முதலிய இருவோட்டு உயிர்கள். இறுதியில் கடல் முள்ளெலிகளும் பவளங்களும். இருவோட்டு உயிர்களைப் பற்றிய தொகுதியில் அவர் தென்னிந்தியாவோடு நின்றுவிடவில்லை. உலகில் அதுவரை அறியப்பட்ட அவ்வின வகைகள் அனைத்தையும், வாழ்வனவும் மறைந்தனவும் ஒருசேர, மீண்டும் ஆராய்ந்தார். கல்லான ஓட்டை மட்டும் நோக்கினால் அதனுள் இருந்த உயிரின் இயல்பு விளங்காது என்று அவர் உணர்ந்திருந்தார். ஆகவே உயிருள்ள நத்தைகளையும் சிப்பிகளையும் திரட்டி அவற்றின் உடலமைப்பையும் படித்தார். அவருடைய ஆய்வுக்கு வலிமை தந்தது இதுவே எனலாம்.

1873ஆம் ஆண்டு இப்பணி நிறைவுற்றது. ஏறத்தாழ 1,500 பக்கங்களும் 178 படத்தாள்களும் கொண்ட அத்தொகுதிகளில் பெரும்பகுதி ஸ்டோலிச்காவின் கையால் எழுதப்பட்டது. அதில் பிழைகளே இல்லை என்று கூற இயலாது. பிற்காலத்தில் வியன்னாவைச் சேர்ந்த ஃபிரான்ஸ் கோஸ்மட் என்பவர் அம்மோனைட்டுகளை மறுபடியும் ஆராய்ந்து, சில முடிவுகளைத் திருத்தினார். ஆயினும் திருத்துவதற்கு முன் ஒவ்வொருவரும் ஸ்டோலிச்காவின் பக்கங்களையே முதலில் புரட்ட வேண்டியிருந்தது, இன்றும் அவ்வாறே.

மலைகளின் அழைப்பு

மேசையருகே மட்டும் அவர் அமர்ந்திருந்தார் அல்லர். 1864இலும் 1865இலும் கோடைக்காலங்களில் இமயமலையின் ஸ்பிதி பள்ளத்தாக்கிற்குச் சென்றார். 5,000 மீட்டருக்கும் உயர்ந்த கணவாய்களைக் கால்நடையாகவும் குதிரைமேலும் கடந்தார். அங்கும் அவர் கடலையே கண்டார். பனிமூடிய அம்மலைகளின் பாறைகளில் கடல்வாழ் உயிர்களின் ஓடுகள் நிறைந்திருந்தன. பாறை அடுக்குகளுக்கு அவர் முத், குலிங், லிலாங், கியுமால், சிக்கிம் என அவ்விடத்துச் சிற்றூர்களின் பெயர்களை இட்டார். இங்குக் கூறப்படும் சிக்கிம் ஸ்பிதியில் உள்ள ஒரு சிற்றூர். அப்பெயருடைய மாநிலம் அன்று.

வைணவர் இல்லங்களில் வழிபடப்படும் சாளக்கிராமக் கல்லைத் திருப்பதியைச் சூழ்ந்த ஊர்களில் அறியாதார் இல்லை. நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைக்கும் அக்கருங்கல்லினுள் சக்கரம் போன்ற வடிவம் காணப்படும். அது அம்மோனைட்டின் சுருள். ஸ்பிதியில் ஸ்டோலிச்கா ஆராய்ந்த கரிய களிப்பாறைகளும் கண்டகிக் கரையின் பாறைகளும் ஒரே தொல்கடலின் அடியில் படிந்தவை. பக்தர்கள் பன்னூறு ஆண்டுகளாகப் போற்றிக் காத்துவந்த வடிவத்தையே அவர் அளவுகோலும் உருப்பெருக்காடியும் கொண்டு படித்தார்.

கல்கத்தாவில் இருந்த வங்காள ஆசியக் கழகத்தின் செயலாளர் பொறுப்பையும் 1868 முதல் அவர் ஏற்றார். பினாங்கு, அந்தமான், நிக்கோபார், கட்சு எனப் பல இடங்களுக்குப் பயணம் செய்தார். 1873இல் அந்தமான் சென்ற குழுவில் அவரோடு பயணம் செய்தவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். பின்னாளில் இந்திய தேசிய காங்கிரசு தோன்றக் காரணமாக இருந்தவர்களுள் ஒருவரான ஹியூம், அக்காலத்தில் பறவைகளை ஆராய்வதில் பெரும் ஈடுபாடு கொண்டிருந்தார். கட்சு வறண்ட நிலத்தில் ஸ்டோலிச்கா கண்டு விவரித்த சிறு பறவை ஒன்று, இன்றும் ஆங்கிலத்தில் அவர் பெயராலும் வழங்குகிறது. காசி மலைகளில் கிடைத்த ஒருவகைப் பாம்பினத்திற்கும் விலங்கியல் அறிஞர் ஜெர்டன் அவர் பெயரைச் சூட்டினார்.

இறுதிப் பயணம்

தென்னிந்தியப் புதைபடிவங்களைப் பற்றிய பணி முடிந்த அதே ஆண்டில், மைய ஆசியாவின் யார்க்கண்டுக்குத் தூதுக்குழு ஒன்றை அனுப்ப ஆங்கில அரசு முடிவு செய்தது. டக்ளஸ் ஃபோர்சித் என்பவர் அதன் தலைவர். காசுகர் நாட்டோடு வணிக உறவு கொள்வதும், உருசியப் பேரரசின் செல்வாக்கு அங்கே எவ்வளவு பரவியுள்ளது என்று அறிவதும் அரசின் நோக்கங்கள். ஸ்டோலிச்காவுக்கு அரசியலில் நாட்டம் இல்லை. அறிவியலாளர் எவரும் காணாத மலைகளின் பாறைகளைக் காணலாம் என்பதே அவரை ஈர்த்தது. பதினோராண்டு ஓயா உழைப்பாலும் இமயப் பயணங்களாலும் தளர்ந்திருந்த உடல் அத்தகைய பயணத்தைத் தாங்குமா என்னும் ஐயம் இருந்தது. ஆயினும் அவர் குழுவில் இணைந்தார். அம்முடிவைத் துணிவு என்பதா, தன்னைப் பேணாமை என்பதா என்று இன்றும் கூறுவது அரிது.

குழு லே நகரைக் கடந்து, காரகோரம் மலைத்தொடரைத் தாண்டி, யார்க்கண்டையும் காசுகரையும் அடைந்தது. போகும் வழியிலேயே ஸ்டோலிச்கா நோயுற்றார்; பின்னர்த் தேறினார். 1874 வேனிற்காலத் தொடக்கத்தில் குழுவினர் சிலரோடு பாமிர் மேட்டுநிலத்தையும் வக்கானையும் கடந்து சென்றார். செல்லுமிடமெல்லாம் பறவைகளையும் சிறு விலங்குகளையும் பாறைத் துண்டுகளையும் திரட்டினார். குளிரில் விரல்கள் விறைத்தபோதும் நாட்குறிப்பு எழுதுவதை நிறுத்தவில்லை.

திரும்பும் வழியில், ஜூன் மாத நடுவில், 5,500 மீட்டருக்கும் உயரமான காரகோரம் கணவாயை அவர்கள் கடந்தனர். ஸ்டோலிச்காவுக்குக் கடுந்தலைவலி ஏற்பட்டது. மூச்சு விடுவது கடினமாயிற்று. காற்று மெலிந்த உயரங்களில் மனிதரைத் தாக்கும் மலைநோயின் அறிகுறிகள் அவை. அந்நோய்க்கு முதன்மையான மருந்து தாழ்வான இடத்திற்கு விரைந்து இறங்குவதே என்று இன்று ஒவ்வொரு மலையேறியும் அறிவார். அன்று அந்நோயின் இயல்பு தெளிவாக அறியப்படவில்லை. அந்நிலையிலும் அவர் வழியோரப் பாறைகளை ஆராய்வதைக் கைவிடவில்லை. 1874ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள், லடாக்கின் முர்கோ என்னும் இடத்தில் அவர் உயிர் பிரிந்தது. பிறந்தநாள் கழிந்து பன்னிரண்டு நாட்களே ஆகியிருந்தன.

துணைவர்கள் அவர் உடலை லே நகருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தனர். அங்கு இந்திய அரசு எழுப்பிய நினைவுத்தூண் இன்றும் நிற்கிறது. அவர் திரட்டிய பொருள்களும் நாட்குறிப்புகளும் பாதுகாப்பாகக் கீழே வந்து சேர்ந்தன. பறவைகள், பூச்சிகள், பாலூட்டிகள் என அவற்றைப் பலர் பகிர்ந்துகொண்டு ஆராய்ந்தனர். அந்த ஆய்வுகள் 1878 முதல் ஒவ்வொன்றாக வெளிவந்தன.

அவர் மறைந்த மறு ஆண்டு, நியூமயர் என்னும் அறிஞர் ஓர் அம்மோனைட்டு இனத்திற்கு ஸ்டோலிச்காயியா என்று பெயரிட்டார். அவ்வினம் ஐரோப்பாவிலும் கிடைக்கிறது. ஊட்டத்தூர்ப் பாறைகளிலும் கிடைக்கிறது. பெரம்பலூர் மாவட்டத்தில் உள்ள காரை என்னும் ஊரையொட்டி, மழைநீர் அரித்த களிமண் மேடுகள் பரந்து கிடக்கின்றன. மழை ஓய்ந்த மறுநாள் அங்குச் சென்றால், எழுதுகோல் போன்ற பெலம்னைட்டுத் துண்டுகளும் சிப்பிகளும், சிலவேளை ஒரு சுறாப் பல்லும், ஓடைமணலில் கழுவப்பட்டுக் கிடப்பதைக் காணலாம்.